இரண்டு ஏணிகள்

நண்பர்களே, ஜெருசலேம் என்றதும் நமக்கு ராக்கெட்டும் கல்வீச்சும்தான் ஞாபகம் வரும். நான் இன்று இரண்டு ஏணிகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

பழைய நகரத்தில் இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் திருக்கல்லறைத் தேவாலயம் இருக்கிறது. அதன் வாசலுக்கு மேலே ஒரு ஜன்னலடியில் சின்ன மர ஏணி நிற்கும். 1728-இல் வரைந்த படத்திலேயே அது இருக்கிறது. இன்றைக்கும் நிற்கிறது. எல்லோரும் சம்மதிக்காமல் அதை யாரும் எடுக்கக் கூடாது.

எல்லோரும் என்றால்? கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை, கத்தோலிக்க பிரான்சிஸ்கன் துறவிகள், ஆர்மீனியர்கள், இவர்கள் பெரிய பங்காளிகள். காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்கள்), எத்தியோப்பிய, சிரிய சபைகளுக்குச் சின்னப் பங்கு. 1757-இலும் 1852-இலும் அப்போது ஜெருசலேமை ஆண்ட ஒட்டோமான் துருக்கி சுல்தான்கள் போட்ட உத்தரவின் சாரம் இவ்வளவுதான்: எது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பது வரை வழக்கம்தான் சட்டம். துடைப்பம் கையில் இருப்பது பட்டா கையில் இருப்பது மாதிரி! 2011 டிசம்பரில், இதே ஏற்பாடு உள்ள பெத்லகேம் தேவாலயத்தைச் சுத்தம் செய்யும்போது கிரேக்கக் குருமார்களும் ஆர்மீனியக் குருமார்களும் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். 2002-இல் ஜெருசலேம் தேவாலயத்தின் மொட்டைமாடியில், வெயில் தாங்காமல் ஒரு காப்டிக் துறவி நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியர்கள் அதை ஆக்கிரமிப்பாகப் பார்த்தார்கள். 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சிரிக்கிறீர்கள். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போகும் ஊர்க்காரர்கள் நாம், கொஞ்சம் அடக்கிச் சிரிக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. கல்லறை மண்டபம் சரிந்துவிடாமல் இருக்க 1947-இல் பிரிட்டிஷார் இரும்பு உத்திரங்களால் முட்டுக்கொடுத்தார்கள். தற்காலிகமாகத்தான். பங்காளிகள் ஒத்துவராததால் அதுவே கிட்டத்தட்ட 70 வருஷம் நின்றது. 2015-இல், ஆபத்து என்று சொல்லி இஸ்ரேல் போலீஸ் சில மணி நேரம் கல்லறையை மூடிய பிறகுதான் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். 2017-இல் பழுதுபார்ப்பு முடிந்தது. ஆனாலும் தினமும் முறை வைத்து, ஒரே கல்லறைக்கு முன்னால், ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் வழிபாடு நடத்துகிறார்கள். பிடித்தவர்களோடு சேர்ந்து வாழ யாருக்கும் தெரியும். இது வேறு வித்தை.

கொஞ்ச தூரத்தில், முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் புனிதமான அல்-அக்சா மசூதி வளாகத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. 1967-க்குப் பிறகு முஸ்லிம்கள் தொழலாம், மற்றவர்கள் வந்து பார்க்கலாம், வழிபடக் கூடாது என்று ஆனது. அங்கே அந்த ஏற்பாட்டையே இஸ்ரேல் மாற்றப் பார்க்கிறது என்ற பயம் கிளம்பும் போதெல்லாம் தெருவில் ரத்தம் சிந்துகிறது.

அப்புறம், இரண்டாவது ஏணி. தேவாலயத்தின் சாவி கிறிஸ்தவர்கள் யாரிடமும் இல்லை. பல நூற்றாண்டுகளாக அது ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்தின் பொறுப்பு. கதவைத் திறப்பது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம். விடியற்காலையில் கதவிலுள்ள சின்னத் திறப்பு வழியாக உள்ளே இருக்கும் துறவிகள் ஒரு ஏணியை வெளியே நீட்டுவார்கள். வாசல்காரர் அதில் ஏறித்தான் மேல்பூட்டைத் திறக்க முடியும். ராத்திரி பூட்டியதும் ஏணி அதே வழியாக உள்ளே போய்விடும். விடியும்வரை மூன்று சபைத் துறவிகளும் உள்ளேதான்.