பழைய மூன்று சக்கர பைக்: வாங்கலாமா, விடலாமா?

வணக்கம் நண்பர்களே. செகண்ட்ஹேண்டில் வந்திருக்கிற மூன்று சக்கர பைக் ஒன்றை வாங்குவதா வேண்டாமா என்று நானே மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். சரி, அதைக் கேமரா முன்னால் உட்கார்ந்து செய்வோம் என்று தோன்றியது. ஆட்டோவைச் சொல்லவில்லை. ஹேண்டில்பார் பிடித்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிற டிரைக்கைச் சொல்கிறேன்.

என் முன்னால் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று கேன்-ஆம் ஸ்பைடர்: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது. இன்னொன்று, நீண்ட தூரப் பயணத்துக்கான பெரிய டூரிங் பைக்காகப் பிறந்து, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கர ஆக்ஸில் மாட்டிய மாற்று வண்டி. போட்டோவில் பார்த்தால் இரண்டாவதுதான் அழகு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போட்டோவை யார் ஓட்டப் போகிறார்கள்?

மூன்று சக்கரம் என்றதும் எல்லோரும் சொல்கிற முதல் வார்த்தை, "விழாது". சிக்னலில் நிற்கும்போது விழாது, உண்மைதான். கால் ஊன்ற வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், கனமான பைக்கைத் தாங்கி நிறுத்த முடியாதவர்களுக்கும் அது பெரிய விஷயம். ஆனால் வளைவில் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு.

மூன்று சக்கரமும் தரையைத் தொடும் இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்த எடை அந்த முக்கோணத்துக்குள் அழுத்தும்வரை பிரச்சினை இல்லை. முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலுக்கு நடுவில் இருக்கிற பக்கமாகச் சாய்ந்து பாருங்கள், புரிந்துவிடும். வளைவில் எடை வெளிப்பக்கம் தள்ளும். அந்த நேரத்தில் பிரேக்கும் பிடித்தால் எடை முன்னாலும் தள்ளும். முன்னால் ஒரே சக்கரம் இருந்தால், எடை போய்ச் சேருகிற இடம் முக்கோணத்தின் குறுகலான மூலை. உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது எடை அகலமான பக்கத்துக்குப் போகிறது. அதனால்தான் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு முன்னால் இரண்டு உள்ள அமைப்பு சாதகம். ஆனால் அதிலும் ஒரு கொக்கி உண்டு: பின்னால் கனமான ஒருவரை ஏற்றி, பெட்டிகளையும் நிரப்பினால், எடை பின்பக்கக் குறுகலான மூலைக்கு நகர்ந்துவிடும். ஜோடியாக ஊர் சுற்றத்தான் வாங்குகிறீர்கள் என்றால், டெஸ்ட் ரைடுக்கும் ஜோடியாகவே போங்கள்.

ஸ்பைடரை கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007-இல் அறிமுகம் செய்தது. ஆரம்ப மாடல்களில் 998 சிசி ரோட்டாக்ஸ் வி-ட்வின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சின். 2014-இல் ஆர்.டி. என்கிற டூரிங் மாடலுக்கு 1330 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. பழையது வாங்குகிறவர்கள் இந்த இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள். இரண்டின் ஓட்டமும் சத்தமும் வேறு வேறு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ்., வழுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாடு, சக்கரம் தூக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி சிஸ்டம், எல்லாம் அதில் உண்டு. வளைவில் கொஞ்சம் அதிகமாகப் போனால் வண்டியே பவரைக் குறைத்துவிடும். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அது நிம்மதி.

மாற்று வண்டியில் பெரும்பாலும் இதெல்லாம் கிடையாது. பைக்கில் இருந்த ஏ.பி.எஸ். கூட மாற்றியபின் வேலை செய்கிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, பைக்கின் முன்ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய், சாய்ந்து திரும்புவதற்காகச் செய்யப்பட்டது. சாயாத வண்டியில் அதை அப்படியே விட்டால் ஹேண்டில் கல் மாதிரி கனக்கும். நல்ல மெக்கானிக், ஃபோர்க்கைப் பிடிக்கிற கிளாம்ப்பை வேறு கோணத்தில் உள்ளதாக மாற்றி, டிரெயிலை, அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, குறைத்திருப்பார். செலவு மிச்சம் என்று அதைச் செய்யாமல் விட்ட வண்டிகள் விற்பனைக்கு வரும். கொஞ்ச நேரம் ஓட்டினாலே தோள்பட்டை சொல்லிவிடும். பின் ஆக்ஸிலில் டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பு, இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற முயன்று, வண்டியை நேராகவே தள்ளும்.

அப்புறம் சாய்கிற வகை. பியாஜியோ எம்பி3 (2006), யமஹா டிரைசிட்டி (2014), யமஹா நைக்கன் (2018), இவை முன்னால் இரண்டு சக்கரம் வைத்திருந்தாலும் சாதா பைக் மாதிரி சாய்ந்துதான் திரும்பும். இவற்றில் "விழாது" என்ற வார்த்தையே செல்லாது. எம்பி3-இல் நிற்கும்போது சாய்வைப் பூட்ட ஒரு ஸ்விட்ச் உண்டு. நைக்கனில் அதுவும் இல்லை, கால் ஊன்றியே ஆக வேண்டும். ஈர ரோட்டிலும் மணலிலும் முன்சக்கரம் வழுக்காமல் இருக்கத்தான் அந்த இரண்டாவது சக்கரம். பைக் ஓட்டுகிற சுகம் வேண்டும், முன்பக்கப் பிடிமானமும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரி. முழங்காலுக்காக வாங்குகிறவர்கள் நைக்கன் பக்கமே போக வேண்டாம்.

சரி, ஓட்டும்போது என்ன வித்தியாசம்? பைக் ஓட்டிப் பழகிய கைக்குத்தான் இது கஷ்டம். பைக்கில் வலப்பக்கம் திரும்ப வலது கையால் ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ளுவோம். யாரும் சொல்லித் தராமலே கை பழகியிருக்கும். சாயாத டிரைக்கில் அதே அழுத்தம் கொடுத்தால் வண்டி இடப்பக்கம் போகும். இங்கே ஹேண்டிலை வலப்பக்கமே திருப்ப வேண்டும். பல வருடம் பைக் ஓட்டியவர்கள் முதல் வளைவில் திணறுவார்கள். பைக்கே ஓட்டாமல் கார் மட்டும் ஓட்டியவர்கள் சட்டென்று பழகிவிடுவார்கள். உடம்பும் வெளிப்பக்கம் தள்ளப்படும். எனவே உள்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி ஆகிவிடும். அப்படித் தொங்கினால் நம்மை அறியாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்போம்.

ஸ்பைடரில் இன்னொரு ஆச்சரியம்: கையில் பிரேக் லீவரே கிடையாது. வலது காலால் மிதிக்கிற ஒரே பெடல்தான் மூன்று சக்கரத்துக்கும். திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் கை விரல் நான்கும் காற்றைப் பிடிக்கும். அதனால் முதல் டெஸ்ட் ரைடு காலி மைதானத்தில்தான், ரோட்டில் இல்லை. அங்கேயே சடன் பிரேக் பிடித்துப் பழகுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பழக்கம் இல்லாமல் போக்குவரத்தில் இறங்காதீர்கள்.

ரோட்டுப் பள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். பைக்கில் ஒரே தடம், பள்ளத்தைச் சுற்றிப் போய்விடலாம். காரில் இரண்டு தடம், பள்ளத்தை நடுவில் விட்டுவிடலாம். டிரைக்கில் மூன்று தடம். பக்கச் சக்கரம் தப்பினால் நடுச்சக்கரம் மாட்டும். லேனின் நடுவில் வண்டிகள் சிந்திய எண்ணெய் படிந்திருக்குமே, ஒற்றைச் சக்கரம் போவது சரியாக அதன் மேல்தான். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது வண்டியைப் பார்க்கப் போவோம். பழைய டிரைக்குகளில் ஓடோமீட்டர் பெரும்பாலும் குறைவாகக் காட்டும். காரணம் மர்மமானதில்லை. ஆசைப்பட்டு வாங்கி, "இது பைக் மாதிரி இல்லையே" என்று நிறுத்திவைத்தவர்கள் நிறைய. வயதான பிறகு வாங்கி, கொஞ்ச நாளில் ஓட்டுவதையே விட்டவர்களும் உண்டு. ஆக, குறைந்த கிலோமீட்டர் என்றால் நல்ல வண்டி என்று முடிவு செய்ய முடியாது. நின்றுகொண்டே இருந்த வண்டி என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி, டேங்கில் பழைய பெட்ரோல், பிரேக் ஆயில், ரப்பர் ஹோஸ்கள், எல்லாவற்றுக்கும் நிற்பதே நோய்.

டயர் ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. டயரின் மேல் வெட்டியிருக்கும் கோடுகள் ஆழமாக இருந்தாலும் டயர் பத்து வருடப் பழசாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதை விலையில் கழித்துப் பேசுங்கள். அடுத்து, முன்டயர் இரண்டையும் உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், போயிருக்கிறது. அது வெறும் சரிசெய்தலா, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் எங்கேயாவது மோதி வளைந்ததா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். குனிந்து, இரண்டு பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் பளபளத்தால், ஏன் என்று கேளுங்கள். இந்த இடத்தில் நான் வெட்கப்படுவதே இல்லை, பாய் விரித்துப் படுத்துவிடுவேன்.

முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டுங்கள். மேல்கீழ் ஆட்டத்தில் சத்தம் வந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட், பக்கவாட்டில் வந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை. காரில் பார்ப்பது மாதிரிதான். எனவே காருக்கு அலைன்மென்ட் பார்க்கிற ஆளையே கூட்டிப் போகலாம், பைக் மெக்கானிக்கை விட அவருக்கு இது நன்றாகத் தெரியும். பின்சக்கரத்துக்குப் போகிற பெல்ட்டை வண்டியைத் தள்ளித் தள்ளி முழுச் சுற்றும் பாருங்கள்: பல் உடைந்திருக்கிறதா, கல் குத்திய ஓட்டை இருக்கிறதா என்று. காற்றழுத்தத்தை ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்த பிறகே ஓட்டுங்கள். ஸ்பைடரின் முன்டயருக்குக் காரை விடக் குறைவான அழுத்தம்தான் வேண்டும். தெரியாமல் கார் அளவுக்கு அடித்துவைத்திருப்பார்கள், வண்டி குதித்துக்கொண்டே போகும், நாமும் ஷாக் அப்சார்பரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கிளட்ச் லீவர் இல்லாமல் பட்டனில் கியர் மாற்றுகிற செமி ஆட்டோமேட்டிக் வண்டியா? சூடான பிறகும் ஒரு முறை எல்லாக் கியரும் ஏற்றி இறக்குங்கள். ரிவர்ஸ் விழுகிறதா பாருங்கள். 400 கிலோவுக்கு மேல் உள்ள வண்டியை ரிவர்ஸ் இல்லாமல் சரிவில் பின்னுக்குத் தள்ளுவது நடக்கிற காரியம் இல்லை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியக் கூடாது. "அது சென்சார்தான் சார், ஒன்றும் இல்லை" என்று சொன்னால், அந்தச் சென்சாரை அவரே மாற்றிவிட்டு விற்கட்டும்.

காகிதம். மாற்று வண்டியின் ஆவணத்தில் மூன்று சக்கரம் என்று பதிவு மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். லைசென்ஸ் விதி நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய விதியில் ஒரே ஆக்ஸிலில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கு இடையே 460 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரண்டையும் ஒரே சக்கரமாகத்தான் கணக்கு வைப்பார்கள். அதாவது வண்டியில் மூன்று இருந்தும் சட்டத்தின் கண்ணில் இரண்டு. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்தது, ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. ஹார்லி-டேவிட்சன் 1932-லிருந்து 1973 வரை சர்வி-கார் என்று ஒரு மூன்று சக்கர வண்டி செய்தது. கராஜ்காரர் அதில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார், காரின் பின்னால் வண்டியைக் கொக்கியில் மாட்டி, காரை ஓட்டிக்கொண்டு திரும்புவார். போலீசும் அதை நிறைய வாங்கியது. யாரும் அதை வளைவில் சாகசம் செய்ய வாங்கவில்லை, வேலைக்கு வாங்கினார்கள். அதனால்தான் அவ்வளவு வருடம் ஓடியது என்பது என் கணிப்பு.

என் முடிவுக்கு வருகிறேன். மாற்று வண்டியை விட்டுவிட்டேன். ஃபோர்க் மாற்றியதற்கு ரசீது இல்லை, மூன்று சக்கரமாக்க மாட்டிய கிட்டைச் செய்தது யார் என்பதற்கு விற்பவரிடம் பதில் இல்லை. நாளைக்கு ஆக்ஸில் பேரிங் போனால் எந்த அளவு என்று யாரிடம் கேட்பது? ஸ்பைடரை இன்னும் விடவில்லை. பின்டயர் பழசு, முன்பக்கம் இடது டயர் உள்விளிம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மற்றபடி ஆர்ம்கள் நேர். அலைன்மென்ட் காட்டச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். சம்மதிக்காவிட்டால் அதையும் விட்டுவிடுவேன், இதில் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை போகும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். நான் போய்த் தொடும்போது சூடாக இருந்தால், காலையிலேயே எதற்கு ஓட்டினீர்கள் என்ற கேள்வியில்தான் பேச்சு தொடங்கும். அந்த ரைடைக் கேமராவோடு எடுக்கிறேன். உங்களில் யாராவது சாயாத டிரைக்கில் ஜோடியாக நீண்ட தூரம் போயிருந்தால், பின்னால் உட்கார்ந்தவரிடம் கேட்டு எழுதுங்கள், ஓட்டியவரின் அபிப்பிராயம் எனக்கு வேண்டாம்.