ஏட்டைப் பூட்டியவர்களும் ஏட்டோடு வழக்காடியவர்களும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாகர்கோவிலில் இந்த அவைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பண்டைச் சிந்தனைகள் காலம் கடந்து வாழக் காரணம் அவற்றைப் போற்றிக் காத்தவர்களா, கேள்வி கேட்டு மாற்றியவர்களா என்பது தலைப்பு. கேள்வி கேட்டவர்களே என்ற அணிக்காக நான் நிற்கிறேன். எதிரணித் தலைவர் அம்மா இரண்டு சான்றுகளை அழுத்தமாக வைத்தார். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியிராவிட்டால் சங்க நூல்கள் ஏது என்று கேட்டார். பாக்தாத்தில் கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்திராவிட்டால் ஐரோப்பாவின் அறிவு மறுமலர்ச்சி ஏது என்றும் கேட்டார். இரண்டு செய்தியும் உண்மை. ஆனால் இரண்டும் எங்கள் அணியின் சான்றுகள். அம்மா அவசரத்தில் எடுத்துச் சென்றுவிட்டார்.

அதற்கு முன் நம் மாவட்டத்துக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியத்தின் முன்னுரையான பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறியதாகக் கூறுகிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடுதான் என்பது இங்குள்ளோர் வழிவழியாகக் கொண்டுள்ள கருத்து. நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு கதை சொல்கிறார். அந்த நூலைக் கேட்கவேண்டாம் என்று அகத்தியர் ஆசானைத் தடுக்கிறார். தொல்காப்பியரோ கேட்டே ஆகவேண்டும் என்கிறார். இருவருக்கும் நடுவில் அகப்பட்ட ஆசான், கேட்கிறேன், ஆனால் குற்றம் கூறுவேன் என்று முடிவு செய்கிறார். அவர் தொடுத்த தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார், நூல் நின்றது. கதை வரலாறாகுமா என்பது வேறு வழக்கு. ஆனால் தமிழின் மிகப் பழைய இலக்கண நூலுக்கு நம் முன்னோர் எழுதிவைத்த பிறப்புக் கதையில் ஆசான் செய்த வேலை குற்றம் தேடுவது என்பதை எதிரணியினர் மறந்துவிடக்கூடாது. பின்னர் இளம்பூரணர் உரை எழுதினார். அவரைப் பல இடங்களில் மறுத்துச் சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதினார். அந்த மறுப்பைப் படிப்பதற்காகவே சொல்லதிகாரத்தை எடுத்துப் புரட்டிய மாணவர் தலைமுறைகள் உண்டு.

இனி சாமிநாதையர். ஏடுகளைப் போற்றியவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளை, கண்ட இடத்தில் போடுவது தகாது என்ற பக்தியினால், நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. பக்தியில் குறை சொல்ல முடியாது, ஏடுதான் இல்லை. அவரோ சீவக சிந்தாமணி ஏட்டைக் கையில் வாங்கியபின் பூசையறையில் வைக்கவில்லை. பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, இந்தப் பாடம் சரியா அந்தப் பாடம் சரியா என்று வழக்காடி, விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிச் சென்று ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887இல் அச்சிட்டார். சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர் சமணக் காப்பியத்துக்காகச் சமணரிடம் மாணவராக அமர்ந்தார். இதைக் காப்பு என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியுமா, அம்மா?

பாக்தாத்துக்கு வருகிறேன். மொழிபெயர்த்ததோடு அவர்கள் நிறுத்திக்கொண்டிருந்தால் எதிரணிக்கு வெற்றி. ஆனால் மருத்துவர் அல்-ராசி, தாம் ஆசானாக மதித்த பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலனின் மீதே ஐயங்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அறிவியலாளர் இப்னு அல்-ஹைதம், பூமியை நடுவில் வைத்த பண்டை அறிஞர் தாலமியின் வானியல் மீது ஐயங்களை எழுதினார். அந்த ஐயங்களைத் தீர்க்க 13ஆம் நூற்றாண்டில் நசீருத்தீன் தூசி அமைத்த ஒரு வடிவியல் உத்தி, சூரியனை நடுவில் வைத்து 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கசின் நூலிலும் காணப்படுகிறது.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன், ஏனெனில் கவிமணி பிறந்த தேரூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழுக்குக் கொண்டுவந்த உமர் கய்யாமை மதுவும் மரநிழலும் பாடிய கவிஞராக நாம் அறிவோம். அவர் கணித மேதையும்கூட. 1077இல், பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் எடுகோள்களில், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகளில், உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும் என்று நாம் பள்ளியில் படித்தோமே, அதற்கு நிகரான ஐந்தாம் எடுகோள்தான் அவருக்கு உறுத்தியது. சமமான இரு செங்குத்துப் பக்கங்கள் கொண்ட ஒரு நாற்கோணத்தை வரைந்து, மேலிரு கோணங்களும் செங்கோணமா, குறுங்கோணமா, விரிகோணமா என்று மூன்று வழியிலும் எண்ணிப் பார்த்தார். தீர்வு அவருக்கும் முழுமையாகக் கிட்டவில்லை. கேள்வி மட்டும் ஓயவில்லை. 1829இல் லோபச்செவ்ஸ்கியும் 1832இல் போல்யாயும் அந்த எடுகோளை ஒதுக்கிவிட்டே ஒரு வடிவியலைக் கட்டினார்கள்; 1854இல் ரீமான் அதை விரித்தார்; அந்தக் கணிதத்தைக் கொண்டு 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பை விளக்கினார். யூக்ளிட் தோற்றுவிட்டாரா? இன்றும் நம் பிள்ளைகளின் கணிதப் புத்தகத்தில் இருக்கிறார். அவரை மறுக்க முயன்ற ஈராயிரம் ஆண்டு உழைப்பே அவரை இவ்வளவு துல்லியமாக நமக்குப் புரியவைத்தது.

அடுத்து, வள்ளுவர். முக்கடல் கூடும் இடத்தில் 133 அடியில் சிலை நிற்கிறது, 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறந்தோம், மகிழ்ச்சி. ஆனால் "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்ற குறள் ஏட்டில் படியெடுக்கப்பட்டு நூற்றாண்டுகள் கழிந்த பிறகும், இதே மண்ணில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு பணிந்து ஆணை பிறப்பித்தது. போராடியவர்கள் குறளை மேற்கோள் காட்டினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. குறள் சொன்னது நடைமுறையாக வேண்டுமானால் மனப்பாடம் போதவில்லை, வழக்கத்தை எதிர்த்து நின்றவர்கள் தேவைப்பட்டார்கள் என்றே சொல்கிறேன்.

அய்யா வைகுண்டரின் பதியான சாமித்தோப்புக்குப் போய்ப் பாருங்கள். திருமாலின் அவதாரம், யுகம், கலி ஆகியவை பழைய புராணக் கருத்துகள். அவற்றைப் போற்றியவர்களின் கோயிலுக்குள் அன்று ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இடமில்லை. அய்யா வைகுண்டர் அதே கருத்துகளை எடுத்து, ஆட்சியாளர்களின் கொடுமையே கலி என்றார். கருவறையான பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. விளக்கொளியில் வணங்குபவர் தம் முகத்தையே காண்கிறார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே செல்லவேண்டும். சிறைக்குப் போய் வந்த ஒருவர் மாற்றிவைத்ததனால், அந்தப் பழங்கருத்துகள் இன்று ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் என்னும் வழிபாட்டு இடங்களில் உயிரோடு இருக்கின்றன.

நடுவர் மணியைத் தொடுவது தெரிகிறது. எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரத்தில், 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு கல்விச்சாலை நிறுவினான். 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம். எந்த வேதப் பிரிவினருக்கு எத்தனை இடம், சேர்வதற்கு என்ன தகுதி, ஒழுங்கு மீறினால் என்ன தண்டம் என்பதெல்லாம் செப்பேட்டில் இருக்கிறது. நிலம் இருந்தது, அரசன் இருந்தான், கோயில் இன்றும் இருக்கிறது. போற்றிக் காப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு நம் மாவட்டத்தில் வேறு இருந்திருக்க முடியாது. அந்தச் சாலையில் தோன்றி இன்று இந்த அவையில் ஒருவர் வாழ்விலாவது நிற்கும் ஒரே ஒரு கருத்தை அவர் எடுத்துக்காட்டிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.