ராமென் கடையில் மூன்று தலைமுறை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலர், சூடான சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெளியிலேயே பன்றி எலும்பு கொதிக்கும் வாசனை அடிக்கும். எட்டிப் பார்த்தால் அடுப்பைப் பார்த்தபடி வரிசையாகப் போட்ட சில நாற்காலிகள், அவ்வளவுதான். குடும்பத்தோடு போகிற இடமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கடை அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. ராமென் விருந்துச் சாப்பாடாக வளரவில்லை. சீனச் சமையல்காரர்கள் கொண்டுவந்த கோதுமை நூடுல்ஸ் அது. 1910இல் டோக்கியோவின் அசாகுசாவில் திறந்த ராய்ராய்கென் என்ற கடை, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை அழைத்து வந்து நகரத்து மக்களுக்கு அதைப் பழக்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அரிசிக்குத் தட்டுப்பாடு, அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. தள்ளுவண்டிக் கடைகளில் உழைப்பாளிகள் அவசரமாகச் சாப்பிட்டு வயிறு நிறைத்த உணவு இது. இன்றும் சின்னக் கடைகளில், சாப்பிட்டு முடித்ததும் எழுந்து இடம் விடுவதுதான் மரியாதை. பேசிக்கொண்டே இருந்தால் நூடுல்ஸ் சூப்பில் ஊறிக் குழைந்தும் போகும்.

கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். அடியில் தாரே என்கிற உப்புச் சாறு ஊற்றுவார்கள். சோயா, வெறும் உப்பு, மிசோ என்கிற புளித்த சோயா விழுது என்று அதில் வகை உண்டு. அதன்மேல் மணிக்கணக்கில் காய்ச்சிய சூப். கோழி, பன்றி எலும்பு, உலர்ந்த மீன், கொம்பு என்ற கடற்பாசி, இவற்றில் ஒன்றோ பலவோ அதில் இறங்கியிருக்கும். அப்புறம் வாசனைக்கு ஒரு கரண்டி எண்ணெய் அல்லது கொழுப்பு. நூடுல்ஸும் மேலே வைக்கும் இறைச்சித் துண்டும் கடைசியில்தான். அதனால் மேலே இருக்கும் இறைச்சியை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அதற்கென்றே சமைக்கும் கடைதான் சரி.

என் அம்மா சைவம். அப்பா எல்லாம் சாப்பிடுவார். மகளுக்கு நூடுல்ஸ் என்றால் போதும். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் டான்டான் கடைக்குப் போனோம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத சமையல். டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருப்பதால் ரயிலில் வந்திறங்கியபடியே போகலாம். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எள் சூப் வந்தது. எள்ளை அரைத்து ஊற்றிய கெட்டிச் சூப், அதன்மேல் மிளகாய் எண்ணெய் சிவப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. அம்மா முதலில் முகர்ந்து பார்த்து, "நல்லெண்ணெய் வாசனைடி" என்றார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படர, அதைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். நூடுல்ஸின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து, முட்டையா என்று சந்தேகம். கன்சுய் என்கிற காரத்தன்மையுள்ள உப்பு சேர்ப்பதால் வரும் நிறம் அது, நூடுல்ஸுக்கு அந்த இழுவையும் அதனால்தான் வருகிறது என்றேன். சோடியம், பொட்டாசியம் கார்பனேட் உப்புகள்தான் அது. "நம்ம அப்பளக்காரம் மாதிரி" என்று சட்டென்று சொன்னார். வீட்டில் உளுந்து அப்பளம் இட்ட கைக்கு விளக்கவே தேவையிருக்கவில்லை. ஆனால் சில கடைகளில் நூடுல்ஸில் முட்டையும் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்வது நல்லது.

சத்தம் போட்டு உறிஞ்சலாம் என்று பேத்தி தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இங்கே அது தவறில்லை. சூடான நூடுல்ஸ் காற்றோடு சேர்ந்து ஆறும், மணமும் மூக்குக்கு ஏறும். அப்பா முதல் வாயைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார். அடுத்த வாய்க்குப் பக்கத்து மேசை அம்மையார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் இங்கே வந்ததிலிருந்து எவ்வளவோ ராமென் சாப்பிட்டிருக்கிறேன், அன்றைக்குச் சாப்பிட்டதுபோல் ஒன்று வாய்த்ததில்லை.

அப்பாவுக்குப் பன்றி எலும்புச் சூப்பும் ருசி பார்க்க வேண்டும். அதற்கு ஷின்-யோகோஹாமா ராமென் அருங்காட்சியகம் போவதாக இருக்கிறோம். 1994இல் திறந்த இடம். உள்ளே 1958ஆம் ஆண்டுத் தெருவை அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். மொமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டு அது. பல ஊர் ராமென் கடைகள் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சின்னக் கிண்ணத்திலும் தருவார்கள் என்பதால் வயதானவர்களும் இரண்டு மூன்று வகை ருசிக்கலாம். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டை லேசாக முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.