பூட்டிவிட்டு வெளியே நின்ற கதை

நேயர்களுக்கு வணக்கம்.

என் தொழில் நெட்வொர்க் பராமரிப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு காரியத்திலிருந்து தொடங்குகிறேன். தொலைவில் ஒரு கிளை அலுவலகம். போய்ச்சேர ஆறு மணி நேரம் ஆகும். அங்கிருந்த ரூட்டருக்குள் என் மேசையிலிருந்தே லாகின் செய்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய வேலை சின்னதுதான். இனிமேல் அந்த ரூட்டருக்குள் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து மட்டும்தான் நுழையலாம், வேறு எங்கிருந்து வந்தாலும் அனுமதி இல்லை என்று ஒரு விதி எழுத வேண்டும். எழுதினேன், சேமித்தேன், வெளியே வந்தேன். பத்து நிமிடம் கழித்து வேறொன்றைப் பார்க்க மறுபடி உள்ளே போனால், இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. திரும்ப முயன்றேன். அதே பதில். நான் எழுதிய விதி என்னையே வெளியே நிறுத்திவிட்டது.

என்ன தப்பு? அனுமதிப் பட்டியலில் என் கணினியின் முகவரியைக் கொடுத்திருந்தேன், 192.168 என்று தொடங்குகிற முகவரி. அது அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரி. இணையத்துக்குள் போகும்போது எங்கள் கணினிகள் எல்லாமே ஒரே பொது முகவரியைப் போர்த்திக்கொண்டுதான் போகின்றன. கிளை ரூட்டரின் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பொது முகவரி மட்டுமே. இதில் இன்னொரு கூத்து. சேமிக்காமல் விட்டிருந்தால், கிளையில் யாருக்காவது போன் போட்டு பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்லியிருக்கலாம். பழைய அமைப்பு தானாகத் திரும்பியிருக்கும். நான்தான் பொறுப்பான ஆள் ஆயிற்றே, உடனே சேமித்துவிட்டேன். மறுநாள், ரூட்டரில் நேரடியாகச் செருகி வேலை பார்க்கிற கன்சோல் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் போனேன். திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்ப இன்னொரு ஆறு மணி நேரம்.

பல ரூட்டர்களில் இப்படி ஒரு விதியே இல்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்து தட்டலாம். ஏன் இப்படித் திறந்து கிடக்கின்றன என்று கேட்டால், விவரம் தெரியாததால் என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மீதிப் பாதி பயம். விவரம் தெரிந்தவர்களே, 'எதையாவது பூட்டப்போய் நாமே மாட்டிக்கொண்டால்?' என்று யோசித்து, பாஸ்வேர்டு இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் பாஸ்வேர்டு போதாது. வாசலுக்கு வந்து தட்டுகிறவர்கள் மனிதர்கள் இல்லை, ஓயாமல் முகவரி முகவரியாகச் சுற்றும் நிரல்கள். 'என் சின்ன ரூட்டர் யார் கண்ணில் படப்போகிறது' என்று சிலர் கேட்பதுண்டு. இணைய முகவரிகளுக்கான பழைய ஐபிவி4 முறையில் உள்ள முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினி, ஒரு நல்ல இணைப்பு. அந்தப் பரப்பு முழுவதையும் 45 நிமிடத்துக்குள் அது தட்டிப் பார்த்துவிட்டது. இதில் ஒளிந்துகொள்ள இடம் எங்கே இருக்கிறது?

மூன்று வருடம் கழித்து, 2016-இல், மிராய் என்ற தீய நிரல் வந்தது. அதன் தந்திரம் வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. தொலைவிலிருந்து கருவிக்குள் நுழைய உதவும் பழைய வழியான டெல்நெட்டின் வாசல் திறந்திருக்கிற கருவியைத் தேடும். தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். அவ்வளவுதான். வீட்டு ரூட்டர்கள், கேமராக்கள் என்று லட்சக்கணக்கில் சிக்கின. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்ற நிறுவனத்தின் பெயர் சேவையகங்கள், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்லும் கணினிகள், மீது பாய்ந்தபோது, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. தன் வீட்டு ரூட்டரும் அந்தப் படையில் ஒரு சிப்பாய் என்று அதன் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இணையம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று நினைத்திருப்பார்.

டெல்நெட் பற்றி நீட்ட வேண்டியதில்லை, மூடிவிடுங்கள். அதில் பாஸ்வேர்டு அப்படியே வெற்றெழுத்தாகப் போகிறது. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டு அள்ளிய பிறகுதான், அங்கே இருந்த தாத்து யுலோனென், எல்லாவற்றையும் மறையெழுத்தாக அனுப்பும் எஸ்எஸ்எச் எழுதினார். டெல்நெட்டின் போர்ட், அதாவது வாசல் எண், 23. அவர் தன்னுடையதற்கு அதற்கு முந்தைய 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். சிலர் அந்த 22-ஐ வேறொரு எண்ணுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். லாகில், அதாவது ரூட்டரின் பதிவேட்டில், இரைச்சல் குறையும், உண்மைதான். தேடி வருகிறவன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான்.

செய்ய வேண்டியது அனுமதிப் பட்டியல். எந்த முகவரியிலிருந்து வருகிறவர் லாகின் திரையைப் பார்க்கவாவது முடியும் என்பதை நாம் தீர்மானிப்பது. பட்டியலில் இல்லாதவருக்கு பாஸ்வேர்டு கேட்கும் வரி கூட வராது. சரி, நிர்வாகியின் வீட்டு முகவரி அடிக்கடி மாறுகிறதே என்றால், நிலையான முகவரியுள்ள ஒரு விபிஎன், அதாவது பாதுகாப்பான தனிச் சுரங்கப்பாதை, வழியாகவோ நடுவில் ஒரு சர்வர் வழியாகவோ வரட்டும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

பட்டியல் போட்டவர்களும் கோட்டை விடுகிற இடங்கள் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் ரூட்டர்களில் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கென்று சில வழிகள் உண்டு, அவற்றுக்கு எண்ணும் உண்டு. பலரும் மனப்பாடமாக 0 முதல் 4 வரை உள்ள ஐந்துக்கும் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். பல கருவிகளில் 15 வரை இருக்கும். வருகிறவர் எந்த வழியில் வந்து விழுவார் என்பது நம் கையில் இல்லை. அடுத்தது ஐபிவி6 என்கிற புதிய முகவரி முறை. ஐபிவி4-க்குப் போட்ட பட்டியல் ஐபிவி6-இல் வருகிறவரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குத் தனிப் பட்டியல் வேண்டும். இந்த இரண்டாவது ஓட்டையை மற்றவர்களின் ரூட்டர்களில் நான் அடிக்கடி பார்க்கிறேன். பட்டியலின் கடைசியில், மறுக்கப்பட்டவர்களை லாகில் எழுதச் சொல்லும் வரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ஓரிரு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். எங்கெங்கோ இருக்கும் முகவரிகள், வரிக்கு வரி. 'இவ்வளவு பேரா!' என்று வாய் பிளப்பீர்கள்.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். முதல் மருந்து, உள்ளே இருக்கிற இணைப்பை மூடாமல் வைத்திருப்பது. நான் சொன்ன வகைப் பட்டியல் புதிதாக வருகிறவரைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத் தள்ளிவிடாது. அதனால் இரண்டாவது சன்னலைத் திறந்து லாகின் செய்து பாருங்கள். நுழைய முடிந்தால் மட்டும் முதல் சன்னலை மூடுங்கள். இரண்டாவது மருந்து டைமர். சிஸ்கோவில், பத்து நிமிடத்தில் உன்னை நீயே ரீலோட் செய்துகொள், அதாவது அணைந்து மறுபடி தொடங்கு, என்று முதலிலேயே சொல்லிவிட்டு, சேமிக்காமல் விதியை எழுதலாம். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும், பழைய நிலைக்கு வந்து நிற்கும். ஜூனிப்பர் நிறுவன ரூட்டர்கள் இதைவிட நாகரிகம்: சோதனையாக ஏற்றிய மாற்றத்தை உறுதிசெய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் ரீலோட் கூட இல்லாமல் பழையதற்கே திரும்பிவிடும். மைக்ரோடிக் ரூட்டர்களில் சேஃப் மோடு: உங்கள் இணைப்பு அறுந்தால் மாற்றங்களைத் தானே திரும்பப் பெறும்.

மூன்றாவது, நெட்வொர்க் செத்தாலும் உயிரோடு இருக்கிற தனி வழி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே காணாமல் போனதே, அன்று பொறியாளர்களால் தொலைவிலிருந்து உள்ளே போக முடியவில்லை. டேட்டா சென்டருக்கே ஆள் போக வேண்டியிருந்தது. அவ்வளவு பெரியவர்களுக்கும் கடைசியில் நேரில் போவதுதான் வழி.

வீட்டு ரூட்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் எல்லாம் வேண்டாம். அமைப்புகளில் ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருப்பதை அணைத்து, வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

நான் அந்தப் பயணத்துக்குப் பிறகு டைமர் இல்லாமல் விதி எழுதுவதே இல்லை. இரண்டு முறை அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது. சோதித்தேன், சேமித்தேன், டைமரை ரத்து செய்ய மறந்தேன். பட்டப்பகல், அலுவலகமே வேலையில் மும்முரம். சொல்லி வைத்தாற்போல் பத்தாவது நிமிடம் ரூட்டர் ரீலோட் ஆனது. அரை நிமிடத்தில் என் மேசை போன் அடிக்க ஆரம்பித்தது. இப்போது டைமர் வைத்த கையோடு மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுகிறேன். 'கேன்சல்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

நன்றி, வணக்கம்.