வேலூர் வெயிலில் சுருதி விலகாத ஆஸிலேட்டர்

(காட்சி: வேலை மேசையில் பாதி கட்டி முடித்த மாட்யூல், மல்டிமீட்டர், வெப்பமானி.)

வணக்கம். வேலூரில் மாடுலர் சிந்தசைசர், அதாவது தனித்தனிப் பகுதிகளை (மாட்யூல்களை) இணைத்து இசைக்கும் மின்னணு இசைக்கருவி, கட்டுபவர்களுக்குக் கத்திரி வெயில் ஒரு சோதனை. விடியற்காலையில் சுருதி சேர்த்து வைத்த ஆஸிலேட்டர் (ஒலியை உருவாக்கும் மாட்யூல்), மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு சுருதியில் ஒலிக்கும். பாகங்கள் எதுவும் பழுதாகியிருக்காது. டிரான்சிஸ்டரின் இயல்பே அப்படி.

மாடுலர் சிந்தசைசர்களுக்கான யூரோரேக் என்ற அளவு முறையில், ஆஸிலேட்டருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி உயர வேண்டும். அதாவது ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றுக்கு 83.3 மில்லிவோல்ட். ஸ்தாயி உயர்வது என்றால் அதிர்வெண் இரட்டிப்பாவது என்பதால், சீராக ஏறும் மின்னழுத்தத்தை இரட்டித்து இரட்டித்துப் பெருகும் மின்னோட்டமாக மாற்ற வேண்டியுள்ளது. இந்த வேலையை டிரான்சிஸ்டர் தானாகவே செய்கிறது: 25 டிகிரியில் அதன் பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் 17.8 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும்.

(காட்சி: வெப்பமானி 25இலிருந்து 40க்கு ஏறுகிறது.)

ஆனால் அந்த 17.8 நிலையானது அன்று. 40 டிகிரியில் அது 18.7 ஆகிவிடுவதால், ஒவ்வொரு ஸ்தாயியிலும் சுருதி அரை ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. மூன்று ஸ்தாயி மேலே சென்றால் பிழை ஒன்றரை ஸ்வரஸ்தானத்தையும் தாண்டிவிடும். இதைச் சரிசெய்ய, ஒரு டிகிரிக்கு 3300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3300 பங்கு) வீதம் மதிப்பு ஏறும் 1 கிலோ ஓம் டெம்ப்கோ ரெசிஸ்டரை (வெப்பத்துக்கேற்ப மாறும் மின்தடையை) மின்னழுத்தப் பகிர்வின் கீழ்ப்பக்கத்திலும், 47 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் 10 கிலோ ஓம் ட்ரிம்பாட்டை (திருகித் திருத்தும் மின்தடையை) தொடராக மேல்பக்கத்திலும் அமைக்க வேண்டும். வெப்பம் ஏறும்போது டெம்ப்கோவின் மதிப்பும் ஏறி, பேஸுக்குச் செல்லும் மின்னழுத்தத்தை வேண்டிய அளவு உயர்த்திவிடும்.

டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டமும் வெப்பத்தால் மாறும். அதை ஈடுகட்ட ஒத்த இணை தேவை. ஒரே தொகுதியில் வாங்கிய பிசி547 டிரான்சிஸ்டர்களின் பேஸ்–எமிட்டர் மின்னழுத்தத்தை ஒரே மின்னோட்டத்தில் அளந்து, இரண்டு மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிவோல்ட் மாறுவதால், விரலின் சூடுகூட அளவைப் பொய்யாக்கும். செருகியபின் சில நிமிடங்கள் பொறுத்து அளப்பதே முறை. பின்னர் தட்டைமுகங்களைச் சேர்த்து ஒட்டி, டெம்ப்கோவையும் தெர்மல் பேஸ்டுடன் அவற்றோடு அணைத்து வையுங்கள்.

போர்டில் இந்த மூன்றும் அமரும் இடம் மிக முக்கியம். என் முதல் போர்டில், சூடாகும் 7812 ரெகுலேட்டருக்கு (12 வோல்ட்டை நிலையாகத் தரும் பாகம்) அருகிலேயே இணையை வைத்திருந்ததால், எத்தனை முறை ட்ரிம்பாட்டைத் திருப்பியும் சுருதி நிற்கவில்லை. வெப்பம் மேலெழும் என்பதால், கேஸின் உள்ளே பவர் சப்ளையை ஆஸிலேட்டருக்கு நேர் கீழே வைப்பதும் கூடாது. போர்டைச் செதுக்கிய பெர்ரிக் குளோரைடு கரைசலில் செம்பு கலந்திருக்கும்; தோல் பதனிடும் கழிவால் நம் பாலாறு பட்டபாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றதை மறக்காமல், அந்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பவர் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

(காட்சி: ட்யூனரின் முள் நடுவில் நிற்கிறது.)

மின்சாரம் கொடுத்து இருபது நிமிடம் கழித்து, ஒரு வோல்ட்டும் மூன்று வோல்ட்டும் மாறி மாறிக் கொடுத்து, இடைவெளி சரியாக இரண்டு ஸ்தாயி ஆகும்வரை ட்ரிம்பாட்டைத் திருப்புங்கள். அதே சோதனையை அதிகாலையிலும் உச்சிவெயிலிலும் ஒருமுறை செய்து, இரண்டு அளவுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.