மொய் நோட்டும் சமூகவியலும்

அனைவருக்கும் வணக்கம். சமூகவியல் அறிமுகம் என்றதும் கனமான கோட்பாடுகளை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள்.

ஊர், பெயர், தொகை. அவ்வளவுதான். ஆனால் யார் பெயர்? பெரும்பாலும் வீட்டு ஆண் பெயர். மனைவி நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணமாக இருந்தாலும் வரவு கணவர் பெயரில்தான். அடுத்து, யார் பெயரெல்லாம் இல்லை என்று தேடுங்கள். ஒரே ஊர், தினம் முகம் பார்க்கிறவர்கள், ஆனாலும் சில தெருக்காரர்கள் நோட்டில் வரவே மாட்டார்கள். சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த இடைவெளியைக் காட்டலாம்.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம், ஆடி பிறந்தால் மொய் விருந்து. கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. சிலர் கூட்டாகப் பந்தல் போட்டு ஆட்டுக்கறி விருந்து வைத்து மொய் வாங்குவார்கள். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. முன்பு வாங்கியவர்கள் வந்து திருப்பிச் செய்வார்கள், மேலே கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். அந்தக் கூடுதலில்தான் உறவு தொடர்கிறது. வாங்கியதை மட்டும் வைத்தால் கணக்கு தீர்ந்தது என்று பொருள்.

1925இல் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் பாலினீசியா, மெலனீசியா, வடமேற்கு அமெரிக்க மக்களின் கொடுக்கல் வாங்கலை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: கொடுத்தாக வேண்டும், மறுக்காமல் வாங்கியாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும். அவருடைய தாய்மாமன்தான் சமூகவியலை நிறுவியவர்களில் ஒருவரான எமில் துர்க்கைம். (இங்கேயும் தாய்மாமன்!) தனிமனிதருக்கு வெளியே நின்று அவரை நிர்ப்பந்திப்பதுதான் சமூக உண்மை என்றவர் துர்க்கைம். வட்டிக்கு வாங்கியாவது மொய் செய்ய ஓடுகிறவரிடம் அந்த நிர்ப்பந்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் இதை நம் பண்பாட்டின் பெருமை என்று மட்டும் பாட எனக்கு மனம் வரவில்லை. ஆத்திர அவசரத்துக்குக் கைகொடுப்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயலில் இந்தப் பக்கத்துத் தென்னை சாய்ந்தது. திருப்பிச் செய்ய வேண்டியதாக நோட்டில் இருந்த தொகை சாயவில்லை.

இப்போது கணினியில் மொய் எழுதி ரசீது தருகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர் செல்போனிலேயே அனுப்பிவிடுகிறார். பந்தியில் உட்காராதவரின் பணமும் அதே மொய்தானா? மாணவர்கள் யாராவது ஒரு சீசன் முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து, மொய் எழுதுகிறவரிடமே கேட்டு எழுதினால் நல்ல ஆய்வாக வரும்.