கடைசிப் பெயரை நீதிமன்றம் வழியாக மாற்றுவது எப்படி? கலிபோர்னியாவில் வாழும் தமிழர்களுக்கு

[திரையில்: மேசை மேல் விரித்து வைத்த நான்கு கடவுச்சீட்டுகள்]

வணக்கம். இந்த நான்கு கடவுச்சீட்டுகளும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் பெயர் செந்தில், கடைசிப் பெயர் முருகேசன். அம்மாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயரான ராமசாமி. பிள்ளைகள் இருவருக்கும் கடைசிப் பெயர் செந்தில். ஊரில் இது யாரையும் குழப்பாது. இனிஷியலைப் பார்த்தாலே இன்னார் பிள்ளை என்று தெரிந்துவிடும். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் அப்படி இல்லை. மருத்துவமனையில் "மிஸ்டர் முருகேசன்" என்று கூப்பிடுகிறார்கள். அது காலமாகிவிட்ட தாத்தாவின் பெயர். எழுந்து போவதற்கு முன் செந்தில் ஒரு நொடி தயங்குகிறார்.

இன்னும் சிலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அவர்களுடைய முழுப் பெயரும் கடைசிப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் கண்முன்னே இருக்க, தெரியவில்லை என்று அச்சடித்த தாளைக் கையில் வாங்குவது வேதனைதான்.

இதைச் சட்டப்படி சரிசெய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

[திரையில்: சுப்பீரியர் கோர்ட் கட்டடம்]

முதலில், நீதிமன்றம் போகத் தேவையே இல்லாதவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். கலிபோர்னியாவில் 2009 முதல், திருமண உரிமம் வாங்கும்போதே கணவன், மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் புதிய கடைசிப் பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம். விவாகரத்து ஆனவர்கள் அந்த வழக்கிலேயே பழைய பெயரைத் திரும்பப் பெறலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். ஆனால் உறுதிமொழி விழாவை நீதிமன்றம் நடத்தினால்தான் அது நடக்கும். மற்றவர்களுக்கு வழி, தாங்கள் வசிக்கும் கவுண்ட்டியின், அதாவது மாவட்டத்தின், நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்.

[திரையில்: என்.சி.-100 படிவம், அருகில் பேனா]

மனுவின் பெயர் என்.சி.-100. அதோடு என்.சி.-110 என்ற இணைப்பும் இன்னும் சில படிவங்களும் சேரும். பிறந்த இடம், வசிக்கும் இடம், இப்போதைய பெயர், வேண்டும் பெயர், மாற்றத்துக்கான காரணம் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

இப்போதைய பெயர் என்ற கட்டத்தில் அவசரப்படாதீர்கள். அதை நிரப்பும்முன் உங்கள் ஆவணங்களையெல்லாம் மேசையில் வரிசையாக வையுங்கள். 'முருகேசன்' என்பதை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'யு' ஒன்று போட்டும் இன்னோரிடத்தில் 'ஓ' இரண்டு போட்டும் எழுதியிருப்பார்கள். ஓட்டுநர் உரிமத்தில் நடுப்பெயர் என்று ஏதோ ஒன்று முளைத்திருக்கும். ஓர் எழுத்து விடாமல் விரல் வைத்துப் படியுங்கள். மனுவில் நீங்கள் எழுதும் எழுத்துதான் ஆணையில் வரும். எழுத்துப்பிழையோடு ஆணை வந்துவிட்டால் அதைத் திருத்துவதற்கு மறுபடியும் அலைய வேண்டும்.

காரணம் என்ற கட்டத்தில் பெரிய கதை வேண்டாம். 'என் குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே கடைசிப் பெயர் இருக்க வேண்டும்' என்று எழுதினால் போதும். கடனிலிருந்தோ வழக்கிலிருந்தோ தப்பிக்க மாற்றுவது கூடாது. அதுதான் சட்டத்தின் கவலை. எந்தப் பெயர் நல்ல பெயர் என்று நீதிபதி சொல்லமாட்டார். அது முழுக்க உங்கள் முடிவு.

அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நம் பெயர்களுக்குப் பின்னால் வால் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் அதை வெட்டியெறிந்துவிட்டு அப்பா பெயரின் முதலெழுத்தோடு நின்றன. அமெரிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக, தாத்தா துறந்ததை நாம் எடுத்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பாட்டியின் பெயரை வைக்கலாம். ஊர்ப்பெயரை வைக்கலாம். கணவன், மனைவி இருவர் பெயரிலிருந்தும் ஒரு பெயர் உருவாக்கலாம். அந்தக் கட்டம் இவற்றில் எதையும் ஏற்கும். தாளில் எழுதிப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளிடமும் கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் பெயரையும் மாற்றுவதானால் தாய், தந்தை இருவர் சம்மதமும் இருப்பது நல்லது.

[திரையில்: நீதிமன்ற ஜன்னல், முத்திரை குத்தும் கை]

தாக்கல் கட்டணம் 435 முதல் 450 டாலர் வரை. கவுண்ட்டிக்குக் கவுண்ட்டி சிறிது மாறும். வருமானம் குறைந்தவர்கள் எஃப்.டபிள்யூ.-001 படிவம் கொடுத்துக் கட்டண விலக்குக் கேட்கலாம். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. பணம் கட்டியதும், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிக்கும் ஓர் உத்தரவு பிறக்கும். விசாரணைத் தேதி அதிலிருந்து ஆறு வாரத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டு வாரத்துக்கு மிகாமலும் இருக்கும்.

இடையில் ஒரு வேலை உண்டு. அந்த உத்தரவை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வாரம் ஒருமுறை, தொடர்ந்து நான்கு வாரம் வெளியிட வேண்டும். எந்தெந்தப் பத்திரிகை செல்லும் என்று நீதிமன்றத்தில் கேட்டறியலாம். விலையை இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். வித்தியாசம் அதிகம் இருக்கும். வெளியானதற்கான சான்று விசாரணைக்கு முன் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதையும் நீங்களே உறுதிசெய்யுங்கள். பாலின அடையாளத்துக்கு ஏற்பப் பெயர் மாற்றுபவர்களுக்கு இந்த விளம்பரம் தேவையில்லை.

ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு இரண்டு வேலை நாள் முன்னதாகவே அது எழுத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நேரில் விசாரிக்காமலேயே கூட நீதிபதி கையெழுத்திடலாம். என்.சி.-130 என்ற ஆணையில் அந்தக் கையெழுத்து விழும் நொடியில் பெயர் மாறிவிடுகிறது.

[திரையில்: நீதிமன்ற முத்திரை பதிந்த ஆணை]

வெறுமனே நகலெடுத்த தாள் பல இடங்களில் செல்லாது. முத்திரையோடு சான்றளித்த பிரதிகள் மூன்று நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், கட்டணம் இல்லை. அங்கே மாறிய பிறகுதான் ஓட்டுநர் உரிமத்துக்குப் போக வேண்டும். பிறகு கடவுச்சீட்டு, வங்கி, வேலையிடம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க நீதிபதியின் ஆணையால் இந்தியக் கடவுச்சீட்டு தானாக மாறாது. விசாவோ கடவுச்சீட்டில் உள்ள பெயரைத்தான் பின்பற்றும். ஆகவே மனு போடும் முன்பே இந்தியத் தூதரகத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

ஊரில் வீடோ நிலமோ உங்கள் பெயரில் இருந்தால், பத்திரத்திலும் பட்டாவிலும் பழைய பெயர்தான் இருக்கும். விற்கவோ பாகம் பிரிக்கவோ போகும்போது இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்காகச் சான்றளித்த பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து, கலிபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டிலும் செல்வதற்கான சான்று, வாங்குங்கள். 2005 முதல் இந்தியா அதை ஏற்கிறது. அந்தத் தாளைப் பத்திரத்தோடு அதே உறையில் வைத்துவிடுங்கள்.